சீட்டு சொன்னதா, கை செய்ததா?

இத்தாலி நாட்டிலே, ரோமாபுரிக்கு வடமேற்கே, டஸ்கனி மாநிலத்தின் தென்கோடியிலே கபால்பியோ என்றொரு சிற்றூர். அதன் அருகே கராவிக்கியோ என்னும் குன்றின் சரிவில் ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் ரோஜாவையும் மல்லிகையையும் எண்ணிவிட வேண்டாம். அங்கே முளைத்து நிற்பவை சிலைகள்! வீட்டளவு உயர்ந்த சிலைகள். சிலவற்றின் உள்ளே நுழையலாம், நடக்கலாம், ஒன்றிலே ஆண்டுக்கணக்கில் ஒருவர் குடியிருந்தே இருக்கிறார். நீலநிறத்தில் ஒரு பெண் தலை, வாயைத் திறந்தபடி. அந்த வாயிலிருந்து படிக்கட்டு வழியே வழிந்தோடுகிறது தண்ணீர். அவள் தலைக்குமேல் இன்னொரு தலை, கண்ணாடிச் சில்லுகளால் மூடப்பட்டு வெயிலிலே மின்னுகிறது. பாம்பும் பறவையும், அரசனும் அரசியும், சாவும் சாத்தானும் அந்தச் சரிவெங்கும் வண்ண வண்ணமாய் நிற்கின்றனர்.

இவை யாருடைய உருவங்கள்? டாரட் என்னும் குறிசொல்லும் சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றிலே தலையானவை என்று சொல்லப்படுகிற 22 சீட்டுகளின் உருவங்கள்தாம் இவை. நம் ஊர்க் கடைத்தெருவிலே, கூண்டைத் திறந்ததும் வெளியே வந்து, ஒரு நெல்மணிக்காக ஓர் அட்டையை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கூண்டுக்குள்ளேயே போய்விடுகிறதே கிளி, அந்த வேலையை அங்கே மனிதரே செய்கிறார். வேற்றுமை அவ்வளவுதான். கிளிக்காவது நெல் கிடைக்கிறது!

இந்தத் தோட்டத்தைப் பற்றி நாம் எழுதப் போகிறோம் என்றதும் இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் எழும் என்பது நமக்குத் தெரியும். “பார்த்தீரா, பார்த்தீரா! விஞ்ஞானம் பேசும் மேல்நாட்டாரே சீட்டுக்கும் குறிக்கும் கோயில் கட்டிவிட்டார்கள், நீங்கள்தான் பகுத்தறிவு பகுத்தறிவு என்று பாட்டுப் பாடுகிறீர்கள்” என்று பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார். “சோதிடச் சீட்டுக்குச் சிலை வைத்த ஒருவரை நம் ஏட்டிலே எழுதுவதா? நாட்டிலே இருக்கிற மூடநம்பிக்கை போதாதா?” என்று நம் தோழர் ஒருவரே முகம் சுளிப்பார். முதலாமவருக்கு விடை எளிது. இரண்டாமவருக்கு விடை சொல்லத்தான் இத்தனை வரிகளும்.

முதலாமவரிடம் கேட்போம்: ஐயா, அந்தச் சீட்டுகளின் பிறப்பு வளர்ப்பு தெரியுமா உமக்கு? எகிப்து நாட்டு ஞானிகள் எழுதி வைத்த மறைபொருள், ஆதிகாலத்து அறிவு என்றெல்லாம் கதை கட்டியிருக்கிறார்கள். உண்மை என்ன? 1400களிலே வட இத்தாலியின் பிரபுக்கள் பொழுது போகாமல் விளையாடிய சீட்டு அது! மிலான் நகரை ஆண்ட விஸ்கோண்டி, ஸ்போர்சா குடும்பங்களுக்காகப் பொன்முலாம் பூசி வரைந்த சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களிலே இருக்கின்றன. மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அது வெறும் ஆட்டம். வெட்டுவார்கள், குலுக்குவார்கள், போடுவார்கள், எடுப்பார்கள். அதற்குப் பிறகு, 1781ஆம் ஆண்டு, பிரான்சிலே கூர் த ஜெபலன் என்றொரு பாதிரியார் ஒரு நூலிலே எழுதினார், இந்தச் சீட்டுகள் எகிப்தியரின் புனித நூலின் மிச்சம் என்று. எந்தச் சான்றைக் கொண்டு எழுதினார்? எகிப்திய எழுத்தைப் படித்தா? அந்த எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியன் கண்டு உலகுக்கு அறிவித்தது 1822ஆம் ஆண்டிலே! அதாவது, அந்த மொழியில் ஓர் எழுத்தைக்கூட ஐரோப்பாவில் எவராலும் படிக்க முடியாதிருந்த காலத்திலே, அந்த மொழியின் ஞானமெல்லாம் இந்தச் சீட்டிலே இருக்கிறது என்று சாதித்துவிட்டார் பாதிரியார். அவர் விதை போட்டார். அறுவடை செய்ய ஆள் வந்தார். ஆலியெட் என்ற தம் பெயரை எழுத்து எழுத்தாகத் திருப்பிப் போட்டு எட்டேயா என்று வைத்துக்கொண்ட ஒருவர், சீட்டு பார்த்துக் குறி சொல்வதைத் தொழிலாகவே தொடங்கிவிட்டார். பெயரையே திருப்பிப் போடத் தெரிந்தவருக்குச் சீட்டைத் திருப்பிப் போடவா தெரியாது!

ஆட்டச் சீட்டு வேதச் சீட்டான கதை இது. எங்கோ கேட்ட கதையாக இருக்கிறதா? இருக்கும். எல்லா நாட்டிலும் ஒரே தறியிலேதான் நெய்கிறார்கள் இந்தத் துணியை.

இனி நம் தோழருக்கு வருவோம்.

தோட்டத்தைப் படைத்தவர் ஒரு பெண். நிக்கி த சேன் ஃபால் என்பது பெயர். 1930ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகே பிறந்து, நியூயார்க்கிலே வளர்ந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், வங்கிக் குடும்பம். 1929இன் பணவீழ்ச்சியிலே அந்தக் குடும்பத் தொழில் சரிந்தது. பழம்பெருமை பேசும் வீடு. மதம், மரியாதை, மேசை ஒழுக்கம் எல்லாம் உண்டு அந்த வீட்டிலே. அந்த வீட்டிலேதான், 11 வயதுச் சிறுமியாக இருந்தபோது, பெற்ற தந்தையாலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானார். வாய் திறந்து அதை எழுத அவருக்கு 1994 வரை ஆயிற்று. அறுபதைத் தாண்டிய பிறகு எழுதினார். வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று எத்தனை வீடுகளிலே எத்தனை பெண்களின் வாய் கட்டப்பட்டிருக்கிறது! மானம் போக வேண்டியது யாருக்கு?

1953ஆம் ஆண்டு மனம் உடைந்து பிரான்சின் நீஸ் நகர மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார். தலைக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அங்கேதான் வண்ணத்தைக் கையில் எடுத்தார். எந்தக் கலைக்கல்லூரியிலும் படித்தவரல்லர் அம்மையார். 1961ஆம் ஆண்டு அவர் செய்த வேலை ஐரோப்பாவைத் திடுக்கிட வைத்தது. சாந்துப் பலகைக்குள் வண்ணப் பைகளைப் புதைத்து வைத்து, துப்பாக்கி எடுத்துச் சுட்டார். பை உடைந்து வண்ணம் இரத்தமாய் வழிந்தது. அதுதான் படம்! மாதா கோயில் பலிபீடத்தைப் போலச் செய்து அதையும் சுட்டார். சுட்டது ஒரு பெண் என்பதுதான் அங்கிருந்த பெரிய மனிதர்களை அதிகம் உறுத்தியது.

சீட்டுத் தோட்டத்தின் எண்ணம் அவருக்கு எப்படி வந்தது? 1955ஆம் ஆண்டு பார்சலோனா சென்றவர், அங்கே கௌடி என்னும் கட்டடக் கலைஞர் உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கொண்டு இழைத்த குவெல் பூங்காவைக் கண்டார். என்றாவது ஒருநாள் இப்படியொரு தோட்டம் அமைப்பேன் என்று அன்றே உறுதி கொண்டார். அவர் போற்றிய வேறு இருவரைப் பற்றி நம் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இருவரும் நம் இனத்தார். எந்த இனம் என்கிறீர்களா? உழைக்கும் இனம்!

ஒருவர் ஃபெர்டினாண்ட் செவால், பிரான்சிலே ஓட்டெரீவ் என்னும் சிற்றூரிலே தபால்காரர். கடிதப் பையோடு நடந்து போகிற வழியிலே கிடக்கும் கற்களைப் பொறுக்கினார். 1879 முதல் 1912 வரை, 33 ஆண்டுகள், வேலை முடிந்த நேரத்திலே, கல்லும் காரையும் கொண்டு தனி ஆளாய் ஓர் அரண்மனை கட்டினார். ஊர் சிரித்தது. 1969ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் அதை நாட்டின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அப்போது சிரித்தவர்களும் இல்லை, செவாலும் இல்லை. மற்றவர் சைமன் ரோடியா, இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய், ஓடு பதிக்கும் வேலையில் வயிறு வளர்த்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, வாட்ஸ் என்னும் ஏழைகள் வாழும் பகுதியிலே, 1921 முதல் 1954 வரை, இரும்புக் கம்பியும் சிமெண்டும் உடைந்த பாட்டிலும் பீங்கானும் வைத்துக் கோபுரங்கள் எழுப்பினார். சாரம் கட்டவில்லை, தானே ஏறினார், தானே பதித்தார். நகராட்சி என்ன செய்தது? அனுமதி இல்லாதது, ஆபத்தானது, இடித்துத் தள்ளு என்றது! 1959ஆம் ஆண்டு, பலம் பார்ப்பதற்காகக் கோபுரத்திலே கம்பிவடம் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை. இழுத்த சாதனம்தான் வளைந்தது! பட்டம் பெற்ற பொறியாளர்கள் ஆபத்து என்று சொன்னதை, ஓடு பதிக்கும் தொழிலாளியின் கை அவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தது. அந்தக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன.

ஆக, நிக்கி அம்மையாரின் தோட்டத்துக்கு எகிப்து ஞானியா முன்னோடி? இல்லை, தபால்காரரும் ஓடு பதிப்பவரும்!

தோட்டத்துக்கு நிலம் வந்த கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். சிலை செய்யும்போது பாலியெஸ்டர் பிசினின் புகையையும் தூசியையும் ஆண்டுக்கணக்கில் மூச்சிலே இழுத்ததால் அம்மையாரின் நுரையீரல் கெட்டது. 1974ஆம் ஆண்டு நுரையீரலில் சீழ்கட்டி, உயிருக்குப் போராடினார். பெயிண்டு பட்டறையிலும், பஞ்சாலையிலும், பைபர் கண்ணாடி வேலையிலும் இருக்கும் நம் தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மாலையிலே துப்பினால் என்ன நிறத்தில் வருகிறது என்று அவர்களுக்கே தெரியும். ஒரு வேற்றுமை: உடல் தேற அவர் போனது சுவிட்சர்லாந்து மலைக்கு. நம் தோழர் எங்கே போவார்? போகட்டும்! அந்த மலையிலே பழைய தோழி ஒருவரைக் கண்டார். மரெல்லா அக்னெல்லி, பியட் மோட்டார் கம்பெனி அதிபரின் மனைவி. தோட்டக் கனவைச் சொன்னார். தோழியின் சகோதரர்களான கரச்சோலோ பிரபுக்கள் கராவிக்கியோவிலே, கைவிடப்பட்ட பழைய கல்குவாரி ஒன்று இருந்த நிலத்தை அளித்தனர். பிரபுக்களின் தயவில் கிடைத்த நிலம்தான். அதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. ஆனால் நிலம் கொடுத்ததோடு அவர்கள் பங்கு முடிந்தது. கட்டியது யார்?

1970களின் இறுதியிலே வேலை தொடங்கிற்று. முதலில் இரும்பு. அம்மையாரின் கணவர் ழான் டிங்கெலி, சுவிஸ் நாட்டவர், கடைச் சன்னல்களை அலங்கரிக்கும் வேலையிலே பயின்று, பழைய இரும்பிலே இயந்திரம் செய்து உலகப் புகழ் பெற்றவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் கம்பியை வளைத்து, வெல்டிங் வைத்து, எலும்புக்கூடுகளை நிறுத்தினார்கள். எலும்பின்மேல் கம்பி வலை, வலையின்மேல் சிமெண்டு, சிமெண்டின்மேல் கண்ணாடிச் சில்லும் வண்ணக் கண்ணாடியும் சுட்ட ஓடும். சொல்லும்போது எளிது! சிலையோ உருண்டு திரண்டு, குழிந்து நெளிந்து இருக்கிறது. தட்டை ஓடு அதன்மேல் எப்படி உட்காரும்? ஆகவே ஈரக் களிமண்ணைச் சிலையின்மேலேயே அப்பி, துண்டு துண்டாக வடிவெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கழற்றி, சூளையிலே சுட்டு, மறுபடியும் அந்தந்த எண்ணுக்குரிய இடத்திலே பதித்தார்கள். சுட்டால் மண் சுருங்கும், குயவர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும். சுருங்கியதால் விழுந்த இடைவெளிகளை என்ன செய்வது? கையால் வெட்டிய கண்ணாடித் துண்டுகளால் நிரப்பினார்கள்! குறை தெரியவில்லை, குறையே அழகாயிற்று. ஒரு சிலைக்கு இப்படி எத்தனை ஆயிரம் துண்டு என்று எண்ணிப் பாருங்கள். அப்படி 22 சீட்டுகள். எந்தச் சீட்டைத் திருப்பிப் போட்டால் இந்த வித்தை தெரிய வரும்?

வேலை செய்தவர்களிலே பெரும்பாலோர் அந்த வட்டாரத்துச் சாமானியர்கள். உள்ளூர்த் தபால்காரர் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், பாதையிலே கல் பதிக்க வந்தவர், கண்ணாடி பதிக்கும் வேலையிலே தேர்ந்த கைகாரர் ஆனார். அங்கே செவால், இங்கே இவர்! மின்சார வேலை செய்துவந்த ஒருவர், மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர், ஊர் இளைஞர்கள் சிலர். இவர்களுடைய பெயர்களையும் இவரிவர் செய்தது இன்னதென்பதையும் அம்மையாரே எழுதி வைத்திருக்கிறார். இதை நாம் பெரிதாகக் கருதுகிறோம். திறப்பு விழாக் கல்வெட்டிலே அமைச்சர் பெயர், தலைவர் பெயர், நன்கொடையாளர் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர் எல்லாம் இருக்கும். கல்லைச் செதுக்கியவன் பெயர் மட்டும் அந்தக் கல்லிலேயே இருக்காது. நம் கழகத் தோழர்கள் கட்டும் மன்றங்களிலும் படிப்பகங்களிலும்கூட இந்த வழக்கம் இருக்கிறது என்பதை இடித்துச் சொல்ல இது நல்ல இடம்.

அரசி என்னும் சீட்டின் சிலைக்குள்ளேயே அம்மையார் பல ஆண்டுகள் குடியிருந்தார். பெண் முகமும் விலங்கு உடலும் கொண்ட பெரிய உருவம் அது. மார்பகம் ஒன்றின் உள்ளே படுக்கையறை, மற்றொன்றில் சமையலறை! உள்சுவரெங்கும் கண்ணாடி. மூட்டுவாதம் கைகளை முடக்கத் தொடங்கிய காலத்திலும் அங்கேயே இருந்தார். வேலையாட்களைக் கூட்டிப் பேசியதும், அவர்களோடு உட்கார்ந்து காபி குடித்ததும் அந்த அறையிலேதான். தொழிலாளி முற்றத்தில் நிற்க, எசமானி மாடியில் இருந்து உத்தரவு போடும் ஏற்பாடு அங்கே இல்லை.

பணம்? அரசாங்கத்திடம் கையேந்தவில்லை. 1982ஆம் ஆண்டு தம் பெயரிலே ஒரு வாசனைத் தைலம் விற்பனைக்கு விட்டார். நீலக் குப்பி, மூடியிலே பின்னிக் கிடக்கும் இரண்டு பாம்புகள். சீமாட்டிகள் வாங்கிப் பூசிக்கொண்டார்கள். தோட்டச் செலவிலே மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. மற்றதும் அவர் சிலைகளை விற்று வந்த பணமே. சீமாட்டியின் கழுத்து மணக்க, கொத்தனாருக்குக் கூலி கிடைத்தது. உலகத்துப் பணம் இப்படியும் கொஞ்சம் பயணம் செய்தால் நல்லதுதான்!

1998ஆம் ஆண்டு மே மாதம் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பு. டிங்கெலி 1991லேயே இறந்துவிட்டார். அம்மையார் 2002ஆம் ஆண்டு, கலிபோர்னியாவிலே, மூச்சுக் கோளாறோடு போராடிப் போராடி மறைந்தார்.

தோழர் இன்னும் விடவில்லை: “எல்லாம் சரி, ஆனால் அவருக்குச் சீட்டிலே நம்பிக்கை இருந்ததா, இல்லையா?”

இருந்தது. நேர்மையாகச் சொல்வோம். அவர் அதைக் கேலிப் பொருளாகக் கொள்ளவில்லை. வாழ்க்கை என்பது ஒரு சீட்டாட்டம், அந்த 22 படங்களும் மனிதன் கடந்துபோக வேண்டிய சோதனைகள் என்று கருதினார். நாம் அப்படிக் கருதவில்லை. ஆனால், நம்பிக்கையை ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டாமா? சீட்டை விரித்து வைத்து, ‘உனக்குக் கண்டம் இருக்கிறது, கழிப்புக்கு இவ்வளவு பணம்’ என்று ஏழையின் மடியை அவிழ்த்தாரா? இல்லை. ‘இது உன் தலைவிதி, பொறுத்துக்கொள்’ என்று அடிமைக்கு உபதேசம் செய்தாரா? இல்லவே இல்லை. வழிகாட்டிகள் கூட்டம் சேர்த்து விளக்கம் சொல்வதுகூட வேண்டாம், வருகிறவர் தம் போக்கில் திரிந்து தாமே பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். விளக்கம் சொல்ல ஒரு புரோகிதன் வந்து உட்கார்வதற்கு அந்தத் தோட்டத்திலே இடமே வைக்கவில்லை! ஒரு கற்பனையைக் காட்டிக் காணிக்கை வாங்குகிறவனை நாம் எதிர்க்கிறோம். அதே கற்பனையைச் சிமெண்டிலும் கண்ணாடியிலும் வடித்து, பிள்ளைகள் ஏறி விளையாட விட்டுவிட்டுப் போகிறவரோடு நமக்கு என்ன பகை? புராணத்திலே பிறந்த சிலை என்பதற்காக உளி பிடித்தவனின் திறமையை நாம் மறுத்ததுண்டா?

அங்கே இருக்கும் விதிச் சக்கரத்தைப் பாருங்கள். மனிதரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சுழற்றுவதாகச் சீட்டுக்காரர் பயமுறுத்தும் சக்கரம் அது. நீலத்தலைப் பெண்ணின் வாயிலிருந்து வரும் தண்ணீர் சேரும் தொட்டியிலே நிற்கிறது. அதைச் செய்தவர் டிங்கெலி. பழைய இரும்பு, பல்லும் பட்டையும் சக்கரமும் கூட்டிய இயந்திரம்! அது நின்றுபோனால் கோயில் மணியை அடிக்கமாட்டார்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். கோபுரம் என்றொரு சீட்டு. மமதையோடு எழுந்த கோபுரத்தின்மேல் இடி விழுவதாகப் படம். கண்ணாடி பதித்த கோபுரத்தின் உச்சி பிளந்து, அந்தப் பிளவிலே டிங்கெலியின் இரும்பு இயந்திரம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

நீதி என்றொரு சீட்டும் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக, பருத்த உருவிலே ஒரு பெண். தராசை அவள் கையில் ஏந்தவில்லை. அவள் மார்பே தராசுத் தட்டுகள். அவள் வயிற்றுப் பக்கம் ஒரு கதவு, கம்பி போட்ட கதவு, அதிலே பூட்டு. கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டிலே ஓர் இரும்பு இயந்திரம் தெரியும். அதுவும் டிங்கெலி செய்ததே. அதற்குப் பெயர் அநீதி. நீதியின் வயிற்றுக்குள்ளே அநீதியை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், கணவனும் மனைவியும். சீட்டுக்கட்டிலே இந்தப் படம் இல்லை. எந்தக் குறிகாரரும் இதைச் சொன்னதில்லை. 11 வயதிலே அநீதியைக் கண்ட ஒரு பெண்ணும், பழைய இரும்புக் கடையிலே தன் கலையைக் கண்டெடுத்த ஓர் ஆணும் சேர்ந்து அந்த வயிற்றுக்குள் வைத்தது அது. பூட்டு இன்னும் தொங்குகிறது.